மிலிட்டரிக்காரர் வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

பெரியப்பாவைத் தொட்டு எழுப்பக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பெரியம்மா கட்டிலின் கால்மாட்டில் இரண்டடி தள்ளி நின்று, "ஏங்க, காபி ஆறுது" என்று மூன்று நான்கு முறை கூப்பிடுவார். ஒருநாள் நான் மறந்துபோய்த் தோளைத் தொட்டுவிட்டேன். அடுத்த நொடி என் மணிக்கட்டு அவர் பிடியில் இருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் அந்தக் கண் என்னைப் பார்க்கவில்லை. 1987-இல் இந்திய அமைதிப்படையோடு இலங்கையின் யாழ்ப்பாணம் போய் வந்தவர் அவர். இதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் "மிலிட்டரி கோபம்".

அந்தப் பெயர்தான் முதல் தவறு. கோபம் என்று சொல்லிவிட்டால் அது அவருடைய குணம் என்றாகிவிடுகிறது. குணத்துக்கு யார் வைத்தியம் பார்ப்பார்கள்? தூக்கத்தில் அலறுவது, சரவெடிச் சத்தம் கேட்டதும் உடம்பு விறைத்து வியர்ப்பது, கல்யாண மண்டபத்தில் சுவரை ஒட்டி வாசலைப் பார்த்தபடியே உட்காருவது, பேரன் பிறந்த சந்தோஷம்கூட முகத்தில் ஒட்டாமல் போவது. இப்படிப்பட்டவை சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்க்கையைக் குலைத்தால் மருத்துவர்கள் அதை பி.டி.எஸ்.டி., அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலக் கோளாறு, என்று பார்ப்பார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் இதை 'ஷெல் ஷாக்' என்றார்கள். வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு, 1980-இல்தான் இன்றைய பெயர் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியது. பணியில் இருந்தவரை அடங்கிக் கிடந்து, ஓய்வு பெற்ற பிறகு தலைதூக்குவதும் உண்டு. "இத்தனை வருஷம் நல்லாத்தானே இருந்தார்" என்று சொல்லி இதைத் தள்ளிவிட முடியாது.

அடுத்தது பேச்சு. "எத்தனை பேரைச் சுட்டீங்க மாமா?" என்று பந்தியில் உட்கார்ந்து கேட்கிற உறவினரை எல்லாருக்கும் தெரியும். அது தவறு என்பதும் தெரியும். நல்லெண்ணத்தில் நாம் செய்கிற தவறு கண்ணுக்கே தெரிவதில்லை. பெரியப்பா ஒரே ஒரு முறை என்னிடம் வாய் திறந்தார். "செக்போஸ்ட்ல பையைப் பிரிக்கச் சொன்னேன். அந்தக் கிழவி என்னை 'தம்பி'ன்னு கூப்பிட்டுச்சு" என்றார். நான் அவசரப்பட்டு, "நீங்க டியூட்டிதானே பெரியப்பா பார்த்தீங்க" என்றேன். "ஆமா" என்று எழுந்து போனவர், பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. போர் தரும் காயத்தில் பயம் ஒரு பங்குதான். செய்ததும், செய்யாமல் விட்டதும், பக்கத்தில் நின்றவன் போய்த் தான் மட்டும் மிஞ்சியதும் இன்னொரு பங்கு. அதற்குச் சட்டென்று சமாதானம் சொன்னால் கதவு மூடிக்கொள்ளும். "அப்புறம்?" என்று கேட்டுவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம்.

கேன்டீன் சரக்கைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. முன்னாள் படைவீரருக்கு ராணுவ கேன்டீனில் மாதாமாதம் கோட்டா உண்டு. "ரெண்டு பெக் போட்டாத்தான் அவருக்குத் தூக்கம் வரும்" என்று வீட்டாரே ஊற்றி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். குடித்தால் சீக்கிரம் கண் அசரும், உண்மைதான். ஆனால் பின்னிரவில் தூக்கம் உடையும். குடியை நிறுத்திய நாட்களில் கெட்ட கனவு இன்னும் அதிகமாக வரலாம். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி பாட்டிலைத் திறப்பார்கள். நீண்டநாள் குடித்தவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. வலிப்பு வரலாம். அதனால் மருத்துவர் மேற்பார்வையில்தான் குறைக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையை வாங்கிக் கொடுப்பது இன்னும் மோசம். அந்த வகை மாத்திரைகள் பி.டி.எஸ்.டி.க்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை, மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும்.

பொத்திப் பொத்தி வைப்பதும் இப்படித்தான். திருவிழா வேண்டாம், பேருந்து வேண்டாம், கடைக்குக்கூட நாங்களே போகிறோம் என்று ஆரம்பித்தால், உலகம் ஆபத்தானது என்று அவர் மனம் சொல்வதற்கு நாமும் ஆமாம் போட்டதாகிவிடுகிறது. நல்ல சிகிச்சை இதற்கு எதிர்த் திசையில் போகும். பயிற்சி பெற்ற சிகிச்சையாளரோடு உட்கார்ந்து, அந்த நினைவையும் அவர் தவிர்க்கும் இடங்களையும் கொஞ்சம் கொஞ்சமாக நேருக்கு நேர் பார்ப்பார்கள். பெரும்பாலும் வாரம் ஒன்றாக, பத்துப் பன்னிரண்டு அமர்வுகள். ஆரம்பத்தில் சிலருக்குக் கனவுகள் கூடலாம். "போனதிலிருந்து அதிகமாயிடுச்சு" என்று வீட்டார் பாதியில் நிறுத்துவது அப்போதுதான். இதற்கு மருத்துவர் எழுதித் தரும் செர்ட்ரலின் போன்ற மாத்திரைகளும் வேலை செய்யச் சில வாரங்கள் எடுக்கும்.

ஓய்வுக்குப் பிறகு வங்கிக் காவலராகப் போகிறவர்கள் சிலர் சொந்த லைசென்ஸில் துப்பாக்கி வைத்திருப்பார்கள். மனம் மிகவும் சரிந்திருக்கும் நேரத்தில் அது வீட்டில் இருக்கக் கூடாது. தேர்தல் நேரத்தில் ஒப்படைப்பதுபோல் காவல் நிலையத்திலேயே ஒப்படைத்து வைக்கலாம். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

மனநல மருத்துவரிடம் போனால் பென்ஷன் நின்றுவிடும் என்ற பயம் பல வீடுகளில் உண்டு. ஓய்வூதியம் அவர் செய்த பணிக்கானது, இதனால் நிற்காது. முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ். அட்டை இருந்தால், அதன் பாலிகிளினிக்கில் சொல்லி மனநல மருத்துவருக்கு ரெஃபரல் வாங்கலாம். ராத்திரி நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாவிட்டால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அறுபது தாண்டிய பிறகுதான் பெரியப்பாவை அழைத்துப் போனோம். முதல் நாள் மருத்துவர் அவரிடம் பேசி முடித்துவிட்டுப் பெரியம்மா பக்கம் திரும்பி, "உங்களுக்குத் தூக்கம் எப்படிம்மா இருக்கு?" என்றார். முப்பது வருஷத்துக்கு மேல் கால்மாட்டில் நின்று எழுப்பியவரிடம் நாங்கள் யாருமே கேட்காத கேள்வி அது. இப்போது மாதம் ஒருமுறை இரண்டு பேரும் சேர்ந்தே போகிறார்கள், இரண்டு சீட்டு போட்டு.