‘எதிர்பார்க்கவே இல்ல, சூப்பர்!’: மலையில் இருப்பவருக்கு இது போதாது

“மச்சான், ஒண்ணுமே எதிர்பார்க்காம போனேன். படம் தாறுமாறு! உடனே பாத்துரு.”

கலகலப்பான சூப்பர்ஹீரோ படம் ஒன்று யாரும் நினைக்காத அளவுக்கு நன்றாக அமைந்துவிட்டால், முதல் நாள் ராத்திரி கோயம்புத்தூரிலிருந்து ஊட்டிக்கும் கோத்தகிரிக்கும் ஏறிவருகிற செய்தி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. திரும்பப் படித்துப் பாருங்கள். அனுப்பியவரின் மனநிலை தெரிகிறது. படம் எங்கேயும் இல்லை.

கோயம்புத்தூர்க்காரருக்கு இந்தச் செய்தி போதும். பிடிக்காவிட்டால் கால் மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடுவார். ஊட்டியில் இருப்பவர் மல்டிபிளெக்ஸில் பார்க்க வேண்டும் என்றால் குன்னூர், பர்லியாறு, மேட்டுப்பாளையம் வழியாக ஏறக்குறைய 86 கிலோமீட்டர் இறங்க வேண்டும். பிறகு அதே கொண்டை ஊசி வளைவுகளில் ஏற வேண்டும். ஹாலிவுட் தன் பெரிய சூப்பர்ஹீரோ படங்களை மே முதல் ஜூலைக்குள் விடுவதுதான் வழக்கம். மே மாதம் இங்கே சீசன். மலர்க் கண்காட்சிக் கூட்டம், ஏறுவதற்கு ஒரு வழி, இறங்குவதற்குக் கோத்தகிரி வழி என்று போக்குவரத்து மாற்றம், எல்லாம் அப்போதுதான். டிக்கெட்டைவிட டீசலும் பொழுதும்தான் அதிகம் செலவு. அதனால் ஒரு ரசிகர் தன் கருத்தை எப்படிச் சொல்கிறார் என்பது மலையில் இருப்பவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே முக்கியம்.

எல்லாவற்றுக்கும் மூலத் தவறு, எதிர்பார்ப்பையே அளவுகோலாக வைப்பது. ஒரு படத்தின் மீது நம்பிக்கை குறைவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் படத்துக்கு வெளியே இருக்கும். ‘ஆன்ட்-மேன்’ வந்தது 2015 ஜூலையில். பல வருடங்களாக அதை உருவாக்கி வந்த எட்கர் ரைட் 2014 மே மாதம் விலகினார். பெய்டன் ரீட் உள்ளே வந்தார். எறும்பு அளவுக்குச் சுருங்குகிற ஒருவன், அதிலும் இயக்குநர் மாறிய படம் என்று பலரும் முன்கூட்டியே உதட்டைப் பிதுக்கினார்கள். நம்மூரில் ‘மாவீரன்’ 2023 ஜூலை 14 அன்று வந்தபோது, சிவகார்த்திகேயனுக்கு அதற்கு முந்தைய படமான ‘பிரின்ஸ்’ கொடுத்த ஏமாற்றம் ஆறியிருக்கவில்லை. இரண்டிலும் சந்தேகம் எழுந்தது செய்தியாலும் பழைய கணக்காலும்தான். படத்தை அப்போது யாரும் பார்த்திருக்கவில்லை. ‘நினைத்ததைவிட நல்லா இருந்தது’ என்பவர் அந்தப் பழைய கணக்கோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறார். அந்தக் கணக்கே தெரியாத அத்தைக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதனால் என்ன பயன்?

இன்னொரு சிக்கலும் இதில் உண்டு. எதிர்பார்க்காமல் போன முதல் ஆள் பெற்ற இன்பம், அவர் வாயைத் திறந்த நொடியே அடுத்தவருக்குக் கிடைக்காமல் போகிறது. ‘தாறுமாறு’ என்று பத்துப் பேர் எழுதிய பிறகு பதினோராவது ஆள் பெரிய எதிர்பார்ப்போடு உட்கார்ந்து, ‘இவ்வளவுதானா?’ என்று எழுந்து வருவார். படம் அதே படம்தான், ஏறியது மேலே ஒட்டிய விலைச்சீட்டு மட்டும். இந்த வகைப் படங்களுக்கு இரண்டாம் வாரத்தில் வரும் புலம்பலில் பெரும்பகுதி இப்படி விளைந்ததே. ஆகவே உற்சாகத்தைக் குறைக்க வேண்டாம், திசையை மாற்றினால் போதும். எது வேலை செய்தது என்பதைச் சொல்லுங்கள்.

‘மின்னல் முரளி’ என்ற மலையாளப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 டிசம்பர் 24 அன்று நேராக நெட்ஃப்ளிக்ஸில் வந்தது, தமிழ் டப்பிங்கோடு. கிராமத்துத் தையல்காரன் ஒருவனுக்கு மின்னல் தாக்கிச் சக்தி வருகிறது என்று கேட்டால் கேலிப் படம் மாதிரிதான் தோன்றும். பார்த்தவர்களோ நாயகனைவிட குரு சோமசுந்தரம் நடித்த வில்லன் ஷிபுவைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். ஊரே பைத்தியம் என்று ஒதுக்கிய ஒருவனின் காதலைப் படம் கேலி செய்யவில்லை. நகைச்சுவை நாயகன் பக்கம், வலி வில்லன் பக்கம். ‘சிரிக்க வைக்குது, ஆனா வில்லன் கதை உண்மையா வலிக்குது’ என்று ஒரு வரி எழுதினால், அந்தப் படம் யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்பது உடனே தெரிந்துவிடும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் வீட்டில் மலையாளம் பேசுகிறவர்கள் நிறைய. அவர்கள் மூல மொழியில் பார்த்துச் சொல்லும் கருத்தையும் டப்பிங்கில் பார்த்தவர் கருத்தையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

ஏனென்றால் நகைச்சுவைப் படத்தில் மொழிதான் பாதிப் படம். சண்டைக்கு டப்பிங் தேவையில்லை, ஜோக்குக்குத் தேவை. அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியை வைத்துச் சொல்லும் கேலி தமிழில் வேறொன்றாகத்தான் வர முடியும். சில சமயம் அது மூலத்தைவிடச் சிரிப்பாகவும் இருக்கும், சில சமயம் சப்பென்று போகும். சப்டைட்டில் ஓடினால் வேறு கோளாறு: பஞ்ச் வசனம் நடிகர் வாயிலிருந்து வருமுன்பே கண் அதைப் படித்துவிடுகிறது. அரங்கில் சிரிப்பு முன்னாடியே கிளம்பி, அசல் வசனம் அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போகிறது. கூட்டமும் கணக்கில் வரும். நிரம்பிய முதல் நாள் மாலைக் காட்சியில் இடிபோல் சிரிப்பு வந்த இடம், புதன்கிழமை பகல் காட்சியில் இருபது பேரோடு பார்த்தால் சும்மா கடந்துபோகும். எனவே எந்த மொழி, 2டியா 3டியா, எந்த நாள், கூட்டம் எப்படி என்ற நான்கையும் சொல்லாத கருத்து அரைகுறைதான்.

‘காமெடிப் படம்தானே, பசங்களக் கூட்டிட்டுப் போங்க அக்கா’ என்பது அடுத்த தவறு. நல்ல மனசோடு சொல்வதுதான், ஆனால் ஆபத்தானது. ‘ஷசாம்!’ (2019) போஸ்டரைப் பார்த்தால் பதினான்கு வயதுப் பையன் மந்திரம் சொல்லிப் பெரியவனாகிற விளையாட்டுப் படம். உள்ளே ஒரு காட்சியில் அலுவலகக் கூட்ட அறைக்குள் பூதங்கள் ஆட்களை ஒவ்வொருவராகக் கொல்கின்றன. ஐந்து வயதுக் குழந்தை அன்றிரவு தூங்காது. ‘டெட்பூல்’ சிரிக்க வைத்தது உண்மைதான், ஆனால் இங்கே அதற்கு ‘ஏ’ சான்றிதழ். தணிக்கைச் சான்றிதழில் இப்போது யுஏ என்று மொத்தமாக இல்லாமல் யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று பிரித்தே தருகிறார்கள். அந்த எண்ணை முதலில் சொல்லுங்கள். அதன்பின் குழந்தை பயப்படக்கூடிய காட்சி எத்தனை, தோராயமாக எந்தப் பகுதியில் என்று சொன்னால் பெற்றோர் முடிவெடுத்துக்கொள்வார்கள். மேட்டுப்பாளையம் தாண்டி வந்த குடும்பம் இடைவேளையில் எழுந்து போவது சாதாரண இழப்பில்லை.

கதையை உடைக்காதீர்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஜோக்கை உடைப்பதும் அதே குற்றம்தான் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. இலகுவான படத்தில் கதை பெரும்பாலும் ஊகிக்கக்கூடியது. நாயகன் ஜெயிப்பான் என்று தெரிந்தேதான் போகிறோம். போவது அந்த ஏழெட்டுச் சிரிப்புகளுக்காகவும், திடீரென்று தலைகாட்டும் ஒரு நடிகருக்காகவும்தான். அதில் மூன்றைச் சொல்லிவிட்டால் பாதிச் சாப்பாட்டை நீங்களே சாப்பிட்டுவிட்டு இலையை நீட்டுகிற மாதிரி.

வாட்ஸ்அப்பில் ஒரு நுணுக்கம். ‘ஸ்பாய்லர் இருக்கு’ என்று தனிச் செய்தியாக அனுப்பி, அதன்பின் விஷயத்தை அடுத்த செய்தியில் அனுப்புவார்கள். எஸ்டேட் லைன் வீடுகளிலும் பள்ளத்தாக்கு ஊர்களிலும் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். ஒரு மணி நேரச் செய்திகள் மொத்தமாகக் கொட்டும்போது அறிவிப்பில் முதலில் கண்ணில் படுவது கடைசிச் செய்தி. எச்சரிக்கை மேலே எங்கேயோ புதைந்திருக்கும். எச்சரிக்கையும் விஷயமும் ஒரே செய்தியில் இருக்கட்டும். முதல் இரண்டு மூன்று வரிகளில் கதை சம்பந்தமாக எதுவும் வேண்டாம், அறிவிப்பில் தெரிவது அந்த வரிகள்தான். ஃபோட்டோ அனுப்பவே வேண்டாம். தானாக இறங்கி கேலரியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

டைட்டில் கார்டையும் கைதட்டலையும் போனில் பிடித்து ஸ்டேட்டஸ் வைப்பதை யாரும் தவறாகவே நினைப்பதில்லை. சட்டம் நினைக்கிறது. 2023-இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி, அனுமதியில்லாமல் திரையரங்கில் படத்தைப் பதிவு செய்தால் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. ஒன்பது நொடி வீடியோவுக்கு இது கொஞ்சம் அதிக விலை. திரைக்கு முதுகு காட்டி நண்பர்களோடு ஒரு செல்ஃபி, விளக்கு எரியும்போது எடுங்கள், போதும்.

எண்களுக்கு வருவோம். இங்கே குழப்பம் அதிகம். விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் ‘90 சதவீதம்’ என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் என்று பலர் படிக்கிறார்கள். அது மதிப்பெண்ணே இல்லை. நூறு விமர்சகர்களில் எத்தனை பேர் ‘பரவாயில்லை’ அல்லது அதற்கு மேல் சொன்னார்கள் என்ற கணக்கு. தொண்ணூறு பேர் பத்துக்கு ஆறு கொடுத்தாலும் 90 சதவீதம்தான், ஒன்பது கொடுத்தாலும் 90 சதவீதம்தான். இலகுவான படங்கள் யாரையும் கோபப்படுத்தாது; அதனால் அவற்றுக்கு இந்தச் சதவீதம் எளிதாக உயரும். சராசரி மதிப்பெண்ணைச் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பார்வையாளர்களே மதிப்பெண் போடும் ஐஎம்டிபி தளத்தில் முதல் வாரம் 10-உம் 1-உம் குவியும். ரசிகர்களும் எதிரிகளும்தான் முதலில் ஓடிவருவார்கள். மொத்த எண்ணைவிட ஓட்டு எப்படிப் பிரிந்திருக்கிறது என்ற வரைபடத்தைப் பாருங்கள். சினிமாஸ்கோர் என்பது அமெரிக்காவில் படம் வெளியாகும் நாளில் வாசலில் கேட்டு வாங்கும் மதிப்பு. முதல் நாளே வருகிறவர் ஏற்கெனவே பாதி ரசிகர், ஆகவே ‘ஏ’ கிரேடு கிடைத்ததைப் பெரிய அதிசயமாக எழுத வேண்டியதில்லை.

வசூலில், வாய்வழி விளம்பரம் எவ்வளவு வேலை செய்தது என்று பார்க்க ஒரு எளிய கணக்கு உண்டு: மொத்த வசூலை முதல் மூன்று நாள் வசூலால் வகுப்பது. ‘ஆன்ட்-மேன்’ வட அமெரிக்காவில் முதல் மூன்று நாளில் சுமார் 5.7 கோடி டாலர், மொத்தம் சுமார் 18 கோடி. மூன்று மடங்குக்குச் சற்று மேல்; சொல்லிச் சொல்லி ஆள் வந்திருக்கிறது. ‘ஷசாம்!’ 5.3 கோடியில் தொடங்கி 14 கோடியில் நின்றது. மடங்கு குறைவு. உடனே ‘மக்களுக்குப் பிடிக்கவில்லை’ என்று முடிவுகட்டினால் அதுவும் தவறுதான். அது வந்தது ஏப்ரல் 5. மூன்றே வாரத்தில், ஏப்ரல் 26 அன்று, ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ வந்து திரைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது. எண்ணுக்குப் பக்கத்தில் நாள்காட்டியை வைக்காமல் எதையும் சொல்லாதீர்கள். தமிழ்ப் படத்துக்கு எழுதும்போது மொத்த டிக்கெட் வசூலான கிராஸா, வரி கழித்த நெட்டா, விநியோகஸ்தர் கைக்கு வந்த ஷேரா என்று பிரித்துச் சொல்லுங்கள். மூன்றையும் கலந்து ‘கோடி’ என்று மட்டும் எழுதுவதால்தான் பாதிச் சண்டை.

‘அன்னைக்கு ட்ரெய்லரைக் கழுவி ஊத்துனவன்லாம் எங்க போனீங்க?’ என்று கிளம்புவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சந்தேகப்பட்டவரைத் திட்டினால் அவர் படம் பார்க்க வர மாட்டார், அவ்வளவுதான். ‘விமர்சகர்கள் வெறுத்தார்கள், மக்கள் கொண்டாடினார்கள்’ என்று எழுதுமுன் விமர்சகர்கள் உண்மையில் என்ன சொன்னார்கள் என்றும் ஒருமுறை பாருங்கள். ‘ஆன்ட்-மேன்’, ‘ஷசாம்!’ இரண்டையும் பெரும்பாலான விமர்சகர்கள் பாராட்டியே எழுதினார்கள்.

இதையெல்லாம் வைத்து, முதல் செய்தியைத் திருப்பி எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்:

“மச்சான், தமிழ் டப்பிங், 2டி, வெள்ளிக்கிழமை ஈவினிங் ஷோ, ஹவுஸ்ஃபுல். யுஏ 13+. ரெண்டு மணி பத்து நிமிஷம். முதல் அரை மணி மெதுவாத்தான் போகுது, பவர் வந்த பிறகு நிக்கவே இல்ல. ஜோக்குல பத்துக்கு ஏழு தமிழ்ல நல்லா உக்காந்திருக்கு. கிளைமாக்ஸ் சண்டை வழக்கமானதுதான். குட்டிப் பசங்களுக்கு ஒரு சீன் பயமா இருக்கும். பெரிய ஸ்க்ரீன்ல பாக்க வேண்டிய இடம் ரெண்டு இருக்கு; மத்தபடி ஓடிடி வர்ற வரைக்கும் பொறுத்தாலும் தப்பில்ல.”

பரபரப்பு இதில் குறைவுதான். ஆனால் கோத்தகிரியில் இருப்பவர் இதை வைத்து ஞாயிற்றுக்கிழமைத் திட்டத்தை முடிவுசெய்துகொள்ளலாம். தமிழ்ப் படமாக இருந்தால் கடைசி வரி இன்னும் முக்கியம், பல படங்கள் 4 வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. கூடவே ஒரு விஷயம்: இந்தச் செய்தியை அரங்கை விட்டு வெளியே வந்த ஐந்தாவது நிமிடம் எழுத வேண்டாம். காலையில் எழுதுங்கள். ராத்திரி எழுதினால் ‘வாழ்நாள் படம்’ என்று வரும். காலையில் அது ‘நல்ல படம்’ ஆகிவிடும், அதுதான் சரியான அளவு. வளைவுகளில் பாப்கார்ன் வயிற்றைப் புரட்டும்போது எழுதினால் இரண்டுமே வராது.

கடைசியாக, பெயர்கள் ஓடி முடிந்தபின் வரும் காட்சிகள். ‘கடைசி வரை உக்காருங்க’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். எத்தனை காட்சி, எப்போது வருகிறது, அடுத்த படத்துக்கு அது வேண்டுமா என்று மூன்றையும் சொல்லுங்கள். பெயர்ப்பட்டியல் பல நிமிடம் ஓடும், கடைசிப் பஸ் அதற்காக நிற்காது. ‘ஆன்ட்-மேன்’ படத்தில் இரண்டு உண்டு. இரண்டாவது, அடுத்து வந்த ‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’ படத்துக்கு நேரடி முன்னோட்டம், உட்கார்ந்து பார்க்கலாம். ‘ஷசாம்!’ படத்திலும் இரண்டுதான். முதலாவது இன்னொரு வில்லனுக்கான குறிப்பு. இரண்டாவது ஒரு மீன் ஜோக். அதற்காக மேட்டுப்பாளையம் பஸ்ஸை விட வேண்டியதில்லை.