கீழே விழுந்த ஸ்பார்க் பிளக்கைத் துடைத்து மாட்டாதீர்கள்

புது ஸ்பார்க் பிளக் கைதவறிக் கீழே விழுகிறது. எடுத்துப் பார்த்தால் கீறல்கூட இல்லை. ஊதித் துடைத்து மாட்டிவிடுகிறோம். அப்புறம் ஏற்றத்தில் வண்டி திணறும்போது பெட்ரோலைச் சந்தேகப்படுவோம், கார்புரேட்டரைக் கழற்றுவோம். பிளக்தான் புதுசாயிற்றே! நானும் ஒருமுறை அரை நாளை இப்படித் தொலைத்திருக்கிறேன். பிளக்கின் வெள்ளைப் பகுதி அலுமினா என்கிற செராமிக், அதாவது பீங்கான் இனத்துப் பொருள். அதில் மயிரிழை விரிசல் விழுந்தால், பல ஆயிரம் வோல்ட் அந்த வழியாக உலோகக் கூட்டுக்குத் தாவிவிடும். தீப்பொறி வரவேண்டிய இடத்தில் வராது.

செராமிக் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள் பெரும்பாலும் இரும்போடு பழகிய கையின் தவறுகள். இரும்பு உடைவதற்கு முன் வளைந்து காட்டும். அதன் அணு அடுக்குகள் வழுக்கி நகர்வதால் விரிசலின் நுனி மழுங்கிவிடும். செராமிக்கின் பிணைப்புகள் அப்படி வழுக்க விடாது. நுனி கூராகவே இருக்கும், விசையெல்லாம் அங்கேயே குவியும். அமுக்கினால் விரிசல் வாயை மூடிக்கொள்ளும், தாங்கும். இழுத்தாலோ வளைத்தாலோ முன்னறிவிப்பே இல்லாமல் போய்விடும்.

கமோட்டைத் தரையில் பொருத்தும்போது ஒரு பக்கத்து போல்ட்டை முழுக்க முறுக்கிவிட்டு மறுபக்கம் போவது இதனால்தான் தப்பு. இரண்டையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஆட்டம் நின்றதும் கையை எடுத்துவிட வேண்டும். 'இன்னும் ஒரு சுற்று' என்ற ஆசைதான் பீங்கானைப் பிளக்கிறது.

கடினமான பொருள் உடையாது என்று நினைப்பது இன்னொன்று. சிர்கோனியா என்கிற செராமிக்கில் செய்த கத்தி எஃகைவிடக் கடினம், கூர் வெகுநாள் நிற்கும். ஆனால் அதால் எலும்பை வெட்டக் கூடாது, டப்பா மூடியை நெம்பவே கூடாது. கூர் போனால் வழக்கமான சாணைக் கம்பியும் உதவாது, வைரத்தூள் பதித்த தகடு வேண்டும்.

சூட்டுக்கு வருவோம். 'சூளையில் வெந்ததுதானே, எந்தச் சூட்டையும் தாங்கும்' என்பார்கள். சூடு தாங்குவது சரி. திடீர் மாற்றம் வேறு. அடுப்பிலிருந்து எடுத்த பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்தால் வெளிப்பரப்பு சுருங்கப் பார்க்கும், உள்ளே இன்னும் விரிந்தே இருக்கும். ஆக, பரப்பு இழுபடுகிறது. நுண்கீறல்கள் இருப்பதும் அதே பரப்பில்தான். அதனால் சட்டென்று சூடாக்குவதைவிடச் சட்டென்று குளிரவைப்பதே பெரும்பாலும் ஆபத்து. எல்லா செராமிக்கும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க விண்வெளி ஓடங்களில் ஒட்டியிருந்த சிலிக்கா ஓடுகளில் சுமார் 90 சதவீதம் வெறும் இடைவெளிதான். சிலிக்கா சூட்டில் விரிவதே மிகக் குறைவு என்பதால் அவை இந்த அதிர்ச்சியைத் தாங்கின. அலுமினியம் நைட்ரைடு என்கிற செராமிக் இன்னொரு விதம்: மின்சாரத்தைத் தடுக்கும், வெப்பத்தை உலோகம்போலக் கடத்தும். 'செராமிக் என்றால் வெப்பத்தைக் கடத்தாது' என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு இது நம்பச் சிரமம்.

பழைய கோப்பையில் விரிசல் இருக்கிறதா என்று சந்தேகமா? விரல் நுனியில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டிப் பாருங்கள். நல்லது கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது 'டொக்' என்று செத்த சத்தம் தரும்.

மின்னூட்டத்தைச் சேமித்துவைக்கும் கடுகளவு செராமிக் கெப்பாசிட்டரைச் சுண்டிப் பார்க்க முடியாது. ஒரு செல்போனுக்குள் அவை நூற்றுக்கணக்கில் உண்டு. சால்டர் செய்த சர்க்யூட் போர்டை ஓரத்தில் கையால் ஒடித்துப் பிரித்தால் போர்டு வளையும், மேலே இருக்கும் கெப்பாசிட்டர் வளையாது, உள்ளுக்குள் விரியும். அன்றைக்கு வேலை செய்யும். ஈரம் உள்ளே போன பிறகு ஒருநாள் ஷார்ட் ஆகும். அதனால் கெப்பாசிட்டரை ஓரத்திலிருந்து தள்ளி, ஒடிக்கும் கோட்டுக்கு இணையாக வையுங்கள். எவ்வளவு சேமிக்கும் என்று போட்டிருக்கும் மதிப்பையும் அப்படியே நம்பிவிட வேண்டாம்: பேரியம் டைட்டனேட் என்கிற செராமிக் வகையில் 10 மைக்ரோஃபாரட் (சேமிப்புத் திறனின் அலகு) என்று எழுதியிருக்கும் சின்ன உருப்படி, அதற்குக் குறித்த முழு வோல்டேஜில் பாதிகூடத் தராமல் போகலாம். தயாரிப்பாளர் தரும் டேட்டாஷீட்டில் அதற்கென்றே ஒரு வளைகோடு இருக்கும்.