தேத்தண்ணியைத் தண்ணீர்க் கணக்கில் சேர்ப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் பலருடைய நாள், விடியுமுன் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகும்போது குடிக்கும் தே ஓவில் (பாலில்லாத தேநீரில்) தொடங்கி, மாலையில் ஒட்டுக்கடைத் தே தாரிக்கில் (கெட்டிப் பால் விட்டு நுரைக்க ஆற்றிய தேநீரில்) முடிகிறது. நாளுக்கு எத்தனை குவளை தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கிளினிக்கில் கேட்டால், இரண்டு விரலை மடக்கியபின் மூன்றாவது விரல் தயங்குகிறது. தேத்தண்ணியைச் சேர்க்கலாமா என்பதே அந்தத் தயக்கத்துக்குக் காரணம். பெயரிலேயே தண்ணி இருப்பதால் மட்டுமல்ல, உடல் அதைத் தண்ணீராகவே ஏற்றுக்கொள்வதாலும் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் சேர்க்கும் முறை ஒன்று இருக்கிறது.

தேநீர் சிறுநீராகவே வெளியேறிவிடும் என்ற நம்பிக்கை முற்றிலும் ஆதாரமற்றது அன்று. அதிலுள்ள கஃபீன், சிறுநீரகம் உப்பை மீண்டும் உறிஞ்சுவதைச் சற்றுக் குறைக்கிறது. உப்போடு நீரும் போகிறது. எனினும் இந்த விளைவு தெளிவாகத் தென்பட ஒரே நேரத்தில் ஏறத்தாழ 300 மில்லிகிராம் கஃபீன் வேண்டும். ஒரு கோப்பைத் தேநீரிலோ பெரும்பாலும் 40 முதல் 50 மில்லிகிராம்தான் உண்டு. தினமும் குடிப்பவர் உடல் அதற்குப் பழகியும் விடுகிறது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், காப்பிக்குப் பழகிய 50 ஆண்கள் மூன்று நாள் காப்பியும், வேறு மூன்று நாள் அதே அளவு தண்ணீரும் குடித்தபோது, உடலின் நீர்நிலையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. தேநீரைவிடக் காப்பியில் கஃபீன் அதிகம் என்பதால், தே ஓ குடிப்பவருக்கு இது கூடுதல் நிம்மதி.

இனி அளப்பதற்கு வருவோம். மலேசிய உணவு வழிகாட்டி நாளுக்கு 6 முதல் 8 குவளை வெறும் தண்ணீரைப் பரிந்துரைக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் ஆண்களுக்கு 2.5 லிட்டர், பெண்களுக்கு 2 லிட்டர் என்று சொன்னது. அதில் எல்லாப் பானங்களும், சோறு, குழம்பு, பழம் ஆகியவற்றிலுள்ள நீரும் அடங்கும். ஆனால் அது மிதமான வெயிலுக்கும் மிதமான உழைப்புக்கும் போட்ட கணக்கு. செம்பனைக் குலை வெட்டுபவருக்கு அது போதாது. வெயிலில் உழைப்பவர் தாகத்துக்குக் காத்திராமல் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறத்தாழ 240 மில்லிலிட்டர் குடிப்பது பொதுவான பாதுகாப்பு முறை. ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரை எட்டிவிடவும் கூடாது.

அடுத்து, நீங்கள் வழக்கமாகக் குடிக்கும் குவளையை ஒருநாள் வீட்டு அளவுக் கோப்பையில் ஊற்றிப் பாருங்கள். தே தாரிக்கின் மேல் நிற்கும் நுரை கண்ணுக்கு அழகே ஒழிய, அது பெரும்பாலும் காற்று; நுரை அடங்கியபின் நிற்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். தே ஓ ஐஸில் கட்டியை மிச்சம் வைத்து எழுந்துவிட்டால் அந்த நீரும் மிச்சம்தான். ரசம், மோர், கஞ்சி, பார்லித் தண்ணீர், இளநீர் எல்லாவற்றையும் முழு அளவில் சேர்க்கலாம். 2016இல் 13 பானங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், பாலும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் தண்ணீரைவிடக் கூடுதல் நேரம் உடலில் தங்கின. தேநீரும் காப்பியும் தண்ணீருக்கு ஈடாகவே நின்றன. சம்சு என்னும் சாராயத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சாராயம், நீரைத் தடுத்து வைக்கும் ஹார்மோனை அடக்கிச் சிறுநீரைக் கூட்டுகிறது.

இந்த முறையில் உண்மையான இடறல் நீரில் இல்லை, சீனியில் இருக்கிறது. தே தாரிக்கில் விடும் இனிப்புக் கெட்டிப் பாலில் பாதிக்கு மேல் சர்க்கரை. இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினாலே 20 கிராமைத் தாண்டிவிடும். உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன வரம்பு, 2,000 கலோரி உண்பவருக்கு நாளுக்கு 50 கிராம். மூன்று தே தாரிக்கில் அது தீர்ந்துவிடுகிறது. 2019இல் மலேசியப் பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்ததை நினைத்தால், தண்ணீர்க் கணக்கை நிரப்பத் தே தாரிக்கை நாடுவது தவறு என்றே நான் சொல்வேன். காலையில் ஒன்று, விரும்பினால் மாலையில் இன்னொன்று. நடுவில் கேட்பது பாலும் சீனியும் இல்லாத ‘தே ஓ கோசோங்’ ஆகட்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இரத்தச்சோகை உள்ளவர்கள் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரம் விட வேண்டும். தேநீரின் துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்து சேர்வதைத் தடுக்கும். கர்ப்பிணிகளுக்குக் கஃபீன் வரம்பு நாளுக்கு 200 மில்லிகிராம்; கொதிக்கவைத்துக் கறுக்கவிட்ட தேத்தண்ணியில் ஒவ்வொரு கோப்பையிலும் கஃபீன் வழக்கத்தைவிடக் கூடிவிடும்.

சிறுநீரக நோயோ இதயத் தளர்ச்சியோ இருந்து, மருத்துவர் நீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் கணக்கு தலைகீழாகிறது. அவர்களுக்குத் தேநீர், ரசம், வாயில் போட்ட ஐஸ் கட்டி, மாத்திரைக்குக் குடித்த மடக்கு எல்லாமே வரம்புக்குள் அடங்க வேண்டும். காலையில் அன்றைய அளவை ஒரே போத்தலில் நிரப்பி வைத்து, எதைக் குடித்தாலும் அதே அளவு நீரைப் போத்தலிலிருந்து கொட்டிவிட்டால், மிச்சம் எவ்வளவு என்பது கண்ணெதிரே தெரியும்.