ஏற்காடு பஸ்ஸில் ஜெபிக்க ஒரு வழி

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது வேதாகமத்தையோ மொபைலையோ திறக்காதீர்கள். அடிவாரம் வருவதற்குள் 121-ம் சங்கீதத்தை மனதில் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஒரு வசனமாகச் சொல்லி ஜெபியுங்கள்.

வளைந்து வளைந்து போகும் வண்டியில் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் தலை சுற்றி வாந்தி வரும். வாசித்ததும் மனதில் நிற்காது. வெளியே பார்த்தபடி சொன்னால் அந்தத் தொல்லை குறைவு. அதைவிட முக்கியம், மனம் வீட்டுக் கவலைக்கு ஓடிவிட்டாலும் அடுத்த வளைவின் எண் பலகை நம்மைப் பிடித்து இழுத்து மறுபடி ஜெபத்தில் உட்கார வைக்கும். சங்கீதத்தில் 8 வசனங்கள், பாதையில் 20 வளைவுகள். மீதி 12-க்கும் வளைவுக்கு ஒருவராகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: மருந்து சாப்பிடுகிற அம்மா, வேலை தேடும் தம்பி, பேச்சு நின்றுபோன பங்காளி. இந்தச் சங்கீதமே எருசலேமுக்கு ஏறிப்போனவர்கள் பாடியதாகச் சொல்லப்படும் ஆரோகண சங்கீதங்கள் 15-ல் ஒன்று. மலை ஏறும்போது சொல்ல இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

வண்டி ஓட்டுபவர்கள் இதைச் செய்யவே கூடாது; கண்ணும் கவனமும் சாலையில்தான் இருக்க வேண்டும். குப்பனூர் வழியாகப் போனால் இந்தக் கணக்கு பொருந்தாது. பனிமூட்டத்தில் பலகை தெரியாத நாளில், பஸ் திரும்புவதை உடம்பே சொல்லும், அதை வைத்துக்கொள்ளலாம்.