நடை ஆய்வகத்துக்குப் போகிறீர்களா? நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்

பிசியோதெரபி, மெக்கானிக்கல், உடற்கல்வி படிக்கிற தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி: "பயோமெக்கானிக்ஸ் லேபை ஒரு தடவை நேரில் பார்க்கணும், எப்படிப் போவது?" உடலின் அசைவை அளந்து ஆராயும் இடம் அது. போவது கடினமில்லை. ஆனால் கருவிகளை வேடிக்கை பார்த்து, வாசலில் குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினால் அந்த நாள் வீண். அங்கே நீங்களே நடக்க வேண்டும். உங்கள் நடை திரையில் கோடாக ஓடுவதைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

படி 1: உங்கள் கேள்விக்கு ஏற்ற இடம்

மனித அசைவை ஆராயும் ஆய்வகங்கள் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. சென்னையிலேயே பாருங்கள். ஐஐடி மெட்ராஸில் இருக்கும் டிடிகே மறுவாழ்வு ஆராய்ச்சி மையம் நடக்கச் சிரமப்படுபவர்களுக்காக உழைக்கிறது. உட்கார்ந்தவரை எழுப்பி நிற்கவைக்கும் 'அரைஸ்' சக்கர நாற்காலி 2019-லும், 'கதம்' என்ற செயற்கை முழங்கால் 2022-லும் அங்கிருந்து வந்தவை. போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவின் விளையாட்டு அறிவியல் மையமோ வேறு உலகம். பந்துவீச்சு முறையைச் சோதிக்க ஐசிசி (சர்வதேச கிரிக்கெட் கவுன்சில்) அங்கீகாரம் பெற்ற மையங்களில் அதுவும் ஒன்று. பந்தை விடுவதற்குள் முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிர்கிறதா என்று அளப்பார்கள்.

இந்த அளவீட்டுக்குப் பின்னால் நம் முரளிதரன் இருக்கிறார். 1995 டிசம்பரில் மெல்போர்னில், பந்தை எறிகிறார் என்று நடுவர் அவருக்கு 7 முறை நோ-பால் கொடுத்தார். அடுத்த ஆண்டு மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் அவர் கையைச் சோதித்தார்கள். பிறவியிலேயே முழுதாக நிமிராத கை, வெறும் கண்ணுக்கு எறிவது போலத் தெரிந்திருக்கிறது. கண்ணை நம்ப முடியாத இடத்தில்தான் இந்த ஆய்வகங்கள் தேவைப்படுகின்றன.

படி 2: கடிதம்

ஆய்வகத்தின் இணையப் பக்கத்தில் பேராசிரியரின் மின்னஞ்சல் இருக்கும். நீட்டி முழக்காமல் இப்படி எழுதுங்கள்:

"வணக்கம் மேடம். நான் பிசியோதெரபி இரண்டாம் ஆண்டு மாணவி. செயற்கை முழங்கால் பற்றிய உங்கள் ஆய்வைப் படித்தேன். நாங்கள் நான்கு பேர் ஒரு மணி நேரம் ஆய்வகத்தைப் பார்க்க அனுமதி கிடைக்குமா? சோதனையில் நடக்க ஆள் தேவைப்பட்டால் நான் தயார்."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நோயாளியின் நடையை ஒப்பிட்டுப் பார்க்க நலமாக இருப்பவர்களின் நடையும் வேண்டும். ஆள் தேடி அலையும் ஆய்வு மாணவர் யாராவது நிச்சயம் இருப்பார். பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம், தப்பில்லை. கடிதம் எழுதத் தயக்கமாக இருந்தால் ஆய்வகங்களை எல்லோருக்கும் திறந்துவிடும் ஐஐடி மெட்ராஸின் ஓபன் ஹவுஸ் நாட்களில் போகலாம். வெளிநாட்டில் படிப்பவர்கள் தேசிய பயோமெக்கானிக்ஸ் தினத்தைக் கவனியுங்கள். 2016-ல் அமெரிக்காவில் தொடங்கியது. ஏப்ரல் வாக்கில் பல பல்கலைக்கழகங்கள் பள்ளி மாணவர்களுக்கு ஆய்வகத்தைத் திறந்துவிடுகின்றன.

படி 3: உடை

உடலை ஒட்டிய, மினுமினுப்பில்லாத டீ-ஷர்ட், அரைக்கால் சட்டை. அவ்வளவுதான். முதல் தடவை நான் போட்டுப் போன ஷூவின் குதிகாலில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை இருந்தது. கேமராக்கள் அதையும் ஒரு மார்க்கர் (உடலில் ஒட்டும் அடையாள உருண்டை) என்று எடுத்துக்கொண்டன. திரையில் என் காலுக்குப் பின்னால் ஊர் பேர் தெரியாத ஒரு புள்ளி குதித்துக்கொண்டே வந்தது. கடைசியில் கறுப்பு டேப் ஒட்டித்தான் அதை அடக்கினார்கள்.

படி 4: உள்ளே

கோலிக்குண்டு அளவில் சாம்பல் நிற உருண்டைகளை இருபுறமும் ஒட்டும் டேப்பால் இடுப்பெலும்பு, முழங்கால், கணுக்கால், குதிகாலில் ஒட்டுவார்கள். சுற்றியுள்ள அகச்சிவப்புக் கேமராக்களின் ஒளியை அவை திருப்பி அனுப்பும். இரண்டு கேமராக்களாவது ஒரே உருண்டையைப் பார்த்தால்தான் அது எங்கே இருக்கிறது என்று கணக்கிட முடியும். அதனால்தான் அறையைச் சுற்றி அத்தனை கேமராக்கள். முதலில் அசையாமல் நிற்கச் சொல்வார்கள். அப்புறம் நடை.

தரையில் பதித்திருக்கும் சதுரப் பலகைதான் ஃபோர்ஸ் பிளேட். கால் தரையை எவ்வளவு அழுத்துகிறது என்று அது அளக்கும். அதைக் குனிந்து பார்க்காதீர்கள். பார்த்தால் கால் தானாகவே எட்டு வைப்பதை மாற்றிக்கொள்ளும், பதிவு கெட்டுப்போகும். எதிர்ச் சுவரைப் பார்த்து, கடைத்தெருவில் நடப்பது போல நடங்கள்.

திரையில் ஒட்டகத்தின் முதுகு போல இரண்டு திமிலோடு ஒரு கோடு வரும். குதிகால் ஊன்றி உடலைத் தாங்கும்போது முதல் திமில், பாதத்தின் முன்பகுதி தரையை உந்தும்போது இரண்டாவது. இரண்டுமே உங்கள் எடையைவிடக் கொஞ்சம் கூடுதல். நடுவிலுள்ள பள்ளம் எடையைவிடக் குறைவு. ஊன்றிய காலின் மேல் உடல் ஒரு வில்போல ஏறி இறங்குவதால், உச்சியில் தரையை அழுத்துவது குறைகிறது. மெதுவாக ஒருமுறை, வேகமாக ஒருமுறை நடக்க அனுமதி கேளுங்கள். மெதுவாக நடந்தால் திமில்கள் தட்டையாகும், வேகத்தில் பள்ளம் ஆழமாகும். புத்தகத்தில் நான்கு முறை படித்தும் எனக்கு ஏறாத விஷயம் இது.

படி 5: கேட்க வேண்டியது

"தோல் அசையும்போது மார்க்கரும் அசையுமே, எலும்பு எங்கே இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். இத்துறையின் பெரிய தலைவலியே அதுதான், முக்கியமாகத் தொடையில். நல்ல ஆய்வாளர் மனம் திறந்து பேசுவார். உங்கள் பதிவை ஆய்வில் சேர்ப்பதாக இருந்தால் ஒப்புதல் படிவத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். நோயாளி யாராவது வந்தால், யாரும் சொல்வதற்கு முன்பே வெளியே வந்துவிடுங்கள். அவர் நடப்பதை யாரும் போனில் எடுக்கக் கூடாது.

கிளம்பும் முன் உங்கள் இடது, வலது கால் வரைபடங்களை அருகருகே வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எனக்குக் காட்டியபோது இடது காலின் இரண்டாவது திமில் சற்றுத் தாழ்ந்திருந்தது. கணினி முன் இருந்த மாணவர் திரும்பி, "அண்ணா, இந்தக் கணுக்கால்ல எப்பவாவது அடிபட்டுச்சா?" என்றார். பதினொன்றாம் வகுப்பில் கபடி ஆடும்போது பிசகிய கால் அது. ஆறிவிட்டது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.