கோடியக்கரையில வெளிமான் இணைசேர்ற சீசன்ல பாக்கணும்னா

மான் வேட்டைக்கு எந்த மாசம் நல்லதுன்னு ஒரு தம்பி கேட்டான், வெளிநாட்டுல வேலை பாக்குறவன், அங்க லைசென்ஸ் எடுத்து சுடுவாங்களாம். இங்க 1972 வனவிலங்கு சட்டப்படி வெளிமானை சுட்டா கொறஞ்சது 3 வருஷம் உள்ள போகணும்டா தம்பி, வேணும்னா கேமராவோட வா, அதுக்கு வழி சொல்றேன்.

எல்லாரும் மார்கழில பூநாரை பாக்க வருவாங்க, நீங்க பங்குனில வாங்க. வெளிமான் வருஷம் பூராவும் இணை சேரும்தான், ஆனா மார்ச்லேர்ந்து மே வரைக்கும், அப்புறம் ஆகஸ்ட்லேர்ந்து அக்டோபர் வரைக்கும் கெடாவுக்கு வேகம் ஜாஸ்தி. ஐப்பசி பொறந்து அடைமழை புடிச்சிட்டா சேத்துல வண்டி நகராது. வேதாரண்யத்துலேர்ந்து பஸ் இருக்கு, சரணாலய செக்போஸ்ட்ல டிக்கெட் போட்டுட்டு விடியக்காலைலயே உள்ள போயிடுங்க, வெயில் ஏறிட்டா கானல்ல போட்டோ எல்லாம் நெளியும்.

அங்க புள்ளிமானும் உண்டு, கொழப்பிக்காதீங்க. அது மர நெழல்ல நிக்கும், கொம்பு கெளை கெளையா இருக்கும், விழுந்து மொளைக்கும். வெளிமான் பேருக்கேத்த மாதிரி வெட்டவெளி புல்லுலதான், கொம்பு முறுக்கிக்கிட்டு போகும், சாகுற வரைக்கும் உதிராது, சரியா சொன்னா அது மான் குடும்பமே இல்ல, ஆடு மாடு சொந்தம். நம்ம பக்கத்து கெடா கன்னங்கரேல்னு இருக்காது, கரும்பழுப்புதான்.

இப்ப முக்கியமான விஷயம். மானைத் தேடி அலையாதீங்க, புழுக்கைக் குவியலைத் தேடுங்க. எல்லை புடிச்ச கெடா திரும்பத் திரும்ப அதே எடத்துலதான் வந்து போடும், கண்ணோரத்துல ஊறுற பிசினை குச்சிலயும் புல்லுலயும் தேய்ச்சு வைக்கும், அதான் அதோட பட்டா. அந்த எடம் தெரியுற மாதிரி தூரமா வண்டியை நிறுத்திட்டு உக்காந்தா போதும், பொட்டை வந்ததும் கெடா மூக்கை வானத்துக்குத் தூக்கி, கொம்பை முதுகுல சாய்ச்சு, காதைத் தொங்கவிட்டு, வாலை சுருட்டிக்கிட்டு, உறுமிக்கிட்டே சுத்தி வரும் பாருங்க, கல்யாண வீட்டு மாப்ள தோத்தான்! இன்னொரு கெடா வந்தா மொதல்ல மொறைப்பு, அப்புறம் கொம்போட கொம்பு மாட்டி தள்ளும், கேமராவை ஒரே அமுக்குல வரிசையா படம் எடுக்குற பர்ஸ்ட் மோட்ல வச்சுக்கங்க, டக்குனு முடிஞ்சிடும்.

அதுக்கு மோப்பத்தை விட கண்ணு ஷார்ப். நான் ஒரு தடவ ஆர்வக்கோளாறுல எந்திரிச்சு நின்னேன், மந்தையே பாய்ஞ்சு ஓடிடுச்சு, கூட வந்தவங்க அன்னைக்கு பூரா என்கிட்ட பேசல. எல்லை புடிச்ச கெடாவை நீங்க வெரட்டிவிட்டா அந்த நேரத்துல பக்கத்து கெடா எல்லைக்குள்ள பூந்துடும், பாவம் அதோட பொழப்பு போச்சு. பளபளா சட்டை வேணாம், தண்ணி நீங்களே எடுத்துட்டு போங்க.

தரைல கொம்பு கெடந்தா ஆசையா எடுத்து பைல போட்டுடாதீங்க, புள்ளிமான் உதிர்த்ததா இருந்தாலும் வச்சிருக்கிறதே குத்தம். முறுக்கு கொம்பா இருந்தா அந்த மான் செத்துருக்குன்னு அர்த்தம், திரும்பி வரும்போது செக்போஸ்ட்ல எந்த எடம்னு சொல்லிட்டு வாங்க.