இங்கிலாந்தில் படிக்கப் போகும் பிள்ளைகள் டாக்டரிடம் பதிவு செய்வது எப்படி?

மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே ஆண்டுக்கு 776 பவுண்ட் மருத்துவக் கட்டணமாக வாங்கிவிடுகிறார்கள். பணம் கட்டியாயிற்று, இனிக் கவலை இல்லை என்று நம் மாவட்டத்துப் பெற்றோர் பலர் இருந்துவிடுகிறார்கள். நாகர்கோவிலில் காய்ச்சல் என்றால் சாயங்காலம் ஏதாவது ஒரு கிளினிக்கில் டோக்கன் வாங்கி உட்காரலாம். இங்கிலாந்தில் அவசரச் சிகிச்சை தவிர மற்றதெல்லாம் பெரும்பாலும் ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவர் வழியாகத்தான். அவரிடம் பெயர் பதியாவிட்டால் சாதாரண வைத்தியத்துக்கே திண்டாட வேண்டிவரும். என் தங்கைக்கு இங்கிருந்தே போனில் வழிகாட்டி முடித்த வேலை இது.

ஊரிலிருந்து கிளம்பும் முன்

தங்கைக்குத் தைராய்டு. நம் டாக்டர்கள் சீட்டில் கம்பெனிப் பெயரைத்தான் எழுதுவார்கள். அதை அங்கே யாருக்கும் தெரியாது. லெவோதைராக்சின் என்ற மூலப்பெயர், எத்தனை மைக்ரோகிராம், எப்போதிலிருந்து சாப்பிடுகிறார் என்பதை லெட்டர்ஹெட்டில் டைப் செய்து கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். தடுப்பூசி அட்டை இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிவு

என்.எச்.எஸ். எனப்படும் அந்நாட்டு அரசு மருத்துவச் சேவையின் இணையதளத்தில் வீட்டின் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் பக்கத்து ஜி.பி.க்களின் பட்டியல் வரும். ஆன்லைன் பதிவு இருக்கும் இடத்தையே தேர்ந்தெடுங்கள். எனக்கு அதுதான் பிடித்த வழி. பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள். இனிஷியலை முன்னே போடும் நம் வழக்கம் வேண்டாம்.

தடங்கல் வருவது இங்கேதான்

தங்கை நாலு பேரோடு ஒரு வீட்டில் தங்கியிருந்தாள். கரண்ட் பில் வேறொருத்தி பெயரில். முகவரிச் சான்று இல்லாமல் பதிய முடியாது என்று வரவேற்பில் இருந்தவர் சொல்லிவிட்டார். அழாத குறையாக எனக்குப் போன் செய்தாள். உண்மையில் ஜி.பி.யிடம் பதிய அடையாள அட்டையோ முகவரிச் சான்றோ கட்டாயமில்லை. அவை இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது என்பது என்.எச்.எஸ்.ஸின் சொந்த வழிகாட்டுதல். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். அந்த வழிகாட்டுதல் உள்ள இணையப் பக்கத்தைப் போனில் திறந்து காட்டி, "மறுப்பை எழுதித் தாருங்கள்" என்று மரியாதையாகக் கேட்கச் சொன்னேன். படிவத்தை வாங்கிக்கொண்டார்கள். அதிகாரமாகப் பேசுகிறார்களே என்று நம் பிள்ளைகள் திரும்பி வந்துவிடுகிறார்கள். அப்படி வரவே கூடாது. ஆங்கிலத்தில் உடம்பின் வலியைச் சொல்லத் தயக்கமா? மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், அதற்குக் காசில்லை.

மருந்துச் செலவு

இங்கிலாந்தில் சீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்ட். ஆனால் தைராய்டு குறைபாட்டுக்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இன்சுலின் போடுபவர்களுக்கும் விலக்கு உண்டு. விலக்குச் சான்றிதழுக்கான எஃப்.பி.92ஏ படிவத்தை ஜி.பி.யிடம் கேட்டு வாங்குங்கள். சான்றிதழ் வந்தபின் எல்லா மருந்தும் இலவசம், தைராய்டு மாத்திரை மட்டுமல்ல. இதைப் பலர் கேட்பதே இல்லை.

ராத்திரியில் உடம்பு முடியாமல் போய், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை என்றால் 111-க்குப் போன் செய்யுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பெரிய விபத்து என்றால் 999.

பின்சேர்க்கை: மார்த்தாண்டத்திலிருந்து ஒரு அம்மா, மகன் கிளாஸ்கோவில் படிக்கிறான், அவனுக்கும் இந்த மருந்து விலக்குப் படிவம் வேண்டுமா என்று கேட்டிருந்தார். வேண்டாம் அம்மா. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் டாக்டர் எழுதும் மருந்து எல்லோருக்குமே இலவசம். ஜி.பி. பதிவை மட்டும் தள்ளிப்போடாமல் முடிக்கச் சொல்லுங்கள்.